முதல் நாள் எல்லாரும் சொல்வது

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்த முறை பொய்யில்லாமல் எழுதுகிறேன். குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டேன். அதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வாசலில் ஒரு பலகைகூடக் கிடையாது. தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டுக் கடைசியில் காவலாளியிடம் மெல்லக் கேட்டேன். அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "குடிக்கிறவங்க மீட்டிங்தானே? மாடிக்குப் போம்மா" என்றார். போன மானம் போய்விட்டது, இனி நின்று என்ன ஆகப்போகிறது என்று ஏறிவிட்டேன்.

அங்கே நான் ஒருத்திதான் பெண். ஆனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நடத்துபவர் ஒரு பஸ் ஓட்டுநர். என் முறை வந்ததும் எழுந்து, நான் குடிநோயாளி என்று சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்த வாய்க்கு அன்றுதான் ஓய்வு கிடைத்தது.

அக்டோபரில் ஆண்டுக் கூட்டம். வீட்டாரும் வரலாம். அதுவரை நான் தாக்குப்பிடித்தால் வருவீர்களா?

உங்கள் வாலு

ஜூன் 21

அன்பு வாலுக்குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல காரியம் செய்தாய். இங்கே மோட்டார் காயில் கட்டும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

நீ பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பதாகத்தான் கடைக்கு வருபவர்களிடமும் உன் அத்தையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை அம்மா. ஒரு சொட்டு தொடாதவன் என்று இந்தத் தெருவில் பெயர் எடுத்தவன் நான். அக்டோபரைப் பற்றி இப்போது என்ன, பார்க்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடிதத்தை இன்னும் நன்றாக ஒட்டி அனுப்பு.

அப்பா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோதே தெரிந்துகொண்டவள் நான். கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

கை நடுங்குகிறது என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி என்னை லென்ஸ் தேய்க்கும் இடத்திலிருந்து எடுத்து பில் போட உட்கார வைத்திருந்தார் இல்லையா? மறுபடி இயந்திரத்துக்கே அனுப்பிவிட்டார். நேற்று நான் தேய்த்த லென்ஸ் சட்டத்தில் ஒரே அழுத்தில் உட்கார்ந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. போன வாரம் ஒரு பெண் மாடிப்படியில் பாதியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் இறங்கிப் போனேன். "எனக்கும் முதல்ல கால் வரல. வாங்க, சேர்ந்தே ஏறலாம்" என்றேன். வந்துவிட்டாள் அப்பா. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வாலு

செப்டம்பர் 18

அன்பு வாலுக்குட்டிக்கு,

சிரிக்காமல் படி. நீ போவது போன்ற கூட்டம் நம் ஊரிலும் புத்தகக் கடை மாடியில் நடக்கிறதாம். எப்படிப்பட்ட மனிதர்கள் என்று பார்க்கலாமே என்று போனேன். கையைப் பிடித்து வரவேற்றார்கள். எனக்கு இந்தப் பழக்கமே இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவி, "முதல் நாள் நாங்க எல்லாருமே அப்படித்தாங்க சொன்னோம்" என்றார். சத்தியம் செய்தேன். அதற்குக் கைதட்டினார்கள்.

டீ குடித்துவிட்டு இறங்கினால் கீழே மருந்துக்கடைக்காரர் நிற்கிறார். மறுநாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது. உன் அத்தை ஓடி வந்து, "எப்போ இருந்துண்ணா?" என்று அழுதாள். எனக்கில்லை, என் மகளுக்காகப் போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறக்கவில்லை. குடிகாரன் என்று என்னையே நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தப் பெயரோடு இரண்டு நாள் தெருவில் நடப்பதற்குள் நான் கூனிப்போய்விட்டேன். நீ அதை நாலு பேர் முன்னால் உன் வாயாலேயே சொன்னாய். எனக்குத் தெரிந்த ஆட்களில் உன்னைப் போல் தைரியசாலி யாரும் இல்லை.

அப்பா

செப்டம்பர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

கடையில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுததில் முதலாளி பயந்துவிட்டார்.

எனக்காக நீங்கள் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டாம். கூட்டத்தில் மற்றவர்கள் பேசியதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் என் கதை என்னுடையது. அதை உங்களிடம் தருகிறேன், சொல்லுங்கள். ஒரே நிபந்தனை. குடித்தாள் என்பதோடு நிறுத்தாமல் முழுதாகச் சொல்ல வேண்டும்.

வாலு

அக்டோபர் 5

அன்பு வாலுக்குட்டிக்கு,

சொல்லிவிட்டேன். முதலில் மருந்துக்கடையில், ஆட்கள் நிற்கும்போதே. "குடிச்சது நான் இல்லைங்க, என் பொண்ணு. நிறுத்தினதும் அவதான்." இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் அவர் பக்கத்தில் நின்றவருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தார்.

பிறகு உன் அத்தையிடம் போனேன். முழுதாகச் சொன்னேன். அவள், "இத்தனையும் அவ அங்க தனியாவா செஞ்சா?" என்று கேட்டாள். அங்கிருந்து நேராகப் போய் உன் ஆண்டுக் கூட்டத்துக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அத்தையும் வருகிறாள். தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. நீ பேசும்போது கண்டிப்பாக அழுது வைப்பாள், கூட்டம் நடத்தும் அந்த ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வை. நானும் அழுவேன் என்பதைச் சொல்ல வேண்டாம்.

பெருமையோடு,
உன் அப்பா