வாளித் தண்ணீரில் ஒரு மேகம்

அன்பு மகளுக்கு,

இறையருளால் நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குறைவின்றி வாழக் காலை வழிபாட்டில் நாள்தோறும் வேண்டுகிறேன். நீ உன் அம்மாவுக்கு அனுப்பிய கைப்பேசி வந்தது முதல் இவ்வீட்டில் எந்தப் பொருளும் தன் வேலையை மட்டும் பார்க்க முடியவில்லை. கரண்டியின் முதுகில் சமையலறை தெரிகிறதென்று ஒரு படம், தையற்கடை வாசலில் தேங்கிய நீரில் விளக்குக் கம்பம் தலைகீழாக நிற்கிறதென்று ஒரு படம். அவற்றுக்கு நீ ஐந்து நிமிடத்தில் பதில் போடுகிறாய். என் நான்கு பக்கக் கடிதத்துக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே, நாட்காட்டி எதிரேதான் தொங்குகிறது. முப்பத்தாறு ஆண்டுகளாக நான் செய்யுள் ஓத எதிரே அமர்ந்து கேட்டவள், இப்போது, உங்க மூக்குக்கண்ணாடியில சன்னல் தெரியுது, கொஞ்சம் ஆடாம படிங்க என்கிறாள். படத்தில் சன்னல் இருந்தது, நான் இல்லை. மற்ற நேரமெல்லாம், நகருங்க, உங்க நிழல் விழுது என்பதுதான் எனக்குக் கிடைக்கும் சொல்.

ஒன்றை உன்னிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை. செவ்வாயன்று பெய்த மழையில் மொட்டைமாடியில் நீர் தேங்கியது. நாலு மணிக்கு வெயில் வரும், அப்ப எடுக்கணும், யாரும் கால் வச்சிடாதீங்க என்று சொல்லிவிட்டு உன் அம்மா சற்றே கண்ணயர்ந்தாள். நான் துடைப்பத்தை எடுத்து நீரையெல்லாம் வடிகுழாயில் தள்ளி, மிச்சத்தையும் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தேன். கொசு வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அழுக்காறு பற்றி அவையில் எத்தனையோ முறை உரை சொன்னவன் நான். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று துடைப்பத்தோடு நின்றபோதுதான் தெரிந்தது. மேலே வந்தவள் காய்ந்த தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாளியில மிச்சம் வச்சிருக்கீங்களே, அது போதும் என்று குனிந்தாள். வழக்கம்போல் நான் நகர்ந்தேன். எங்க போறீங்க, அங்கயே நில்லுங்க என்றாள்.

அந்தப் படம்தான் உனக்கு வந்தது. மேகம் ரொம்ப அழகும்மா என்று நீ எழுதியதை அவள் மூன்று முறை படித்துக் காட்டினாள். மேகத்துக்கு இடப்புறம் கறுப்பாக ஒன்று தெரியும். வாளியின் பிடி என்று எண்ணியிருப்பாய். பிடி வலப்புறம் இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லா நலமும் பெற்று இருவரும் நீடு வாழ்க. மறவாமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். பதிலை எனக்கு எழுது.

இப்படிக்கு,
மேகத்தின் பக்கத்தில் நிற்கும்
உன் அப்பா