சந்தேகத்தின் பலன்

மார்ச் 4

அன்பு மகள் வாயாடிக்கு,

நலம். உன் நலனும் மருமகன் நலனும் அறிய ஆவல். "மறதி முத்திப்போச்சு, ஆபீஸை மூடிட்டு இங்க வந்துடுங்கப்பா, மாடி ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்" என்று நீ தொலைபேசியில் சொன்னதற்கு உரிய சான்றுடன் மறுப்புத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவரிடம் சென்றேன். பதினைந்து சொற்களை வாசித்து, திரும்பக் கேட்டார். நான்கு சொன்னேன். பிறகு அவர், "சார், அடுத்த சுற்றை வச்சுத்தான் நீங்க தொடர்ந்து வக்கீல் தொழில் பண்ணலாமான்னு எழுதப்போறேன்" என்றார். வேறு பதினைந்து சொற்கள். பதினான்கு சொன்னேன். ஏணி, வாளி, பஞ்சு, திருகாணி என்று இன்றும் வரிசை பிசகாது.

மருத்துவர் சிரித்துவிட்டார். "சின்ன வயசுல வேண்டாததும் ஒட்டிக்கும். வயசானா மூளை கஞ்சனாயிடும் சார். உங்களுக்கு எது முக்கியமோ அதுக்குத்தான் செலவு பண்ணும்."

சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். ஆகவே, உன் கவலைக்கு அடிப்படை இல்லை.

உன் அப்பா


மார்ச் 19

அப்பாவுக்கு,

சான்றிதழை மூன்று முறை படித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன், என் அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், "நீ கண்ணைத் திறக்கறப்ப பக்கத்துல நான்தான் இருப்பேன்" என்றீர்கள். வரவில்லை. மறுநாள் போனில், "அடடா, நேத்தா அது?" என்றீர்கள். அறுவை சிகிச்சை அன்று உங்களுக்கு ஏதோ எல்லைத் தகராறு வழக்கு. அதன் வழக்கு எண்ணைக்கூடத் தடுமாறாமல் சொன்னீர்கள்.

உங்கள் மருமகன் முகம் சுளித்தபோதெல்லாம், "அப்பாவுக்கு வயசாச்சுங்க, மறதி" என்று உங்களுக்காக வாதாடினேன். என் கையில் இருந்த ஒரே ஆதாரம் உங்கள் மறதி. அதையும் நீங்களே உடைத்துவிட்டீர்கள். உங்களுக்குத் திருகாணி ஞாபகம் இருக்கிறது, அப்பா.

மாடி அறையில் இப்போது துணி காயப்போடுகிறேன்.

மகள்


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

முதல் சுற்றில் நான் சொன்னது நான்கு சொற்கள் மட்டுமே என்பதை உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மருத்துவரும் தவறக்கூடியவரே. அனுப்பிய சான்றிதழை அனுப்பாததாகவே கருதவும். நான் உண்மையிலேயே மறதிக்காரனாக இருக்கக்கூடும். சந்தேகத்தின் பலனை எனக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா


ஜூன் 11

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஏப்ரலிலேயே கிடைத்தது. பதில் எழுத மறந்துவிட்டேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை.