அம்மா விட்டுவைத்த பாதி

அப்பா,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்ளுங்கள். எனக்குக் காலையில் நீச்சல், மத்தியானம் ஐஸ்கிரீம் கடையில் வேலை, சாயங்காலம் தோழிகளோடு சினிமா. பேருக்குத்தான் காலேஜ் லீவு.

நேற்று உங்களிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பாதி போட்டுவிட்டுப் போன குறுக்கெழுத்து அது. லீவு நாளில் மிச்சப் பாதியை எனக்கென்று விட்டுவைப்பாள். அவள் இறந்த பிறகு அதை நிரப்ப எனக்கு மனசு வரவில்லை. நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் நீங்கள் முடித்துவைத்தீர்கள், நானோ, "உங்களை யார் தொடச் சொன்னது?" என்றேன். அவள் இல்லாத வீடு உங்களுக்கும்தான் என்பது காலையில்தான் உறைத்தது.

— உங்கள் வாயாடி

பி.கு.: இன்றைய பேப்பரில் பாதிக் கட்டங்களை உங்களுக்கு விட்டிருக்கிறேன். விடை கேட்டுப் போன் பண்ணக் கூடாது. அம்மா என்னை அப்படித்தான் மிரட்டுவாள்.