ஒரு வருஷம் தொடாத பொருள்

சின்னக்குட்டி,

நீயாக எழுத மாட்டாய் என்பதால் நானே எழுதுகிறேன். உன் அப்பா இப்போது எளிமையாக வாழ்கிறார். ஒரு வருஷம் பயன்படுத்தாத பொருள் வீட்டில் இருக்கக்கூடாதாம். சோபா போயிற்று, அலமாரி போயிற்று. பெருக்குவது சுலபமாகிவிட்டது, இல்லையென்று சொல்லவில்லை.

போன மாதம் முறை உன் கட்டிலுக்கு வந்தது.

"இதுல யாரு படுக்கறா?" என்றார்.

"மத்தியானத்துல நான்தான்" என்றேன். பொய். அன்றிலிருந்து தினமும் அதில்தான் படுக்கிறேன். பள்ளிக்கூட வயதில் உனக்கு வாங்கியது, காலை நீட்ட முடியவில்லை.

நேற்று கண் விழித்தால், என்மேல் உன் பழைய போர்வை போர்த்தியிருந்தது. முதல் வேலையாகத் தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் சொன்ன அதே போர்வை.

கோபித்துக்கொண்டது நீங்கள் இருவரும், இடுப்பு வலி எனக்கு. வந்து உன் கட்டிலில் நீயே படுத்துக்கொள்.

அலுத்துப்போன
அம்மா