கரண்டி நிற்கும் கெட்டியில்

என் மாமியாரின் செல்லப் பிள்ளைக்கு,

எழுப்ப மனமில்லை. பேசவும் மனமில்லை. முதல் பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும், கிளம்புகிறேன்.

அடுப்பின் மேல் ஹாட் சாக்லேட் இருக்கிறது. நேற்று உங்கள் அக்கா முன்னால், "இது குடிக்கிறதுக்கா, சுவத்துல பூசுறதுக்கா?" என்று கேட்டீர்களே, அதேதான். சாக்லேட்டில் ஒரு துண்டுகூடக் குறைக்கவில்லை. வேண்டுமென்றே இரண்டு துண்டு கூடப் போட்டிருக்கிறேன். கரண்டியை நட்டால் நிற்கும்.

சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றி இளக்கினீர்களோ, சாயங்காலம் வீடு இரண்டாகிவிடும்! அக்கா பத்து மணிக்கு மறுபடி வருகிறார்கள். பெரிய கப்பில் கொடுங்கள். அவர்களாவது ருசி தெரிந்தவர்கள். சாவி கதவோரம் ஆணியில்.

வெளியே பயங்கரக் குளிர். குல்லா இல்லாமல் வாசலுக்குப் போகாதீர்கள். உடனே கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று சாக்லேட் காய்ச்சிக் கழுவாமல் வைத்த பாத்திரத்தை யாரோ விரலால் வழித்து வழித்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார்கள். பூனை என்று சொல்லாதீர்கள், நம் வீட்டில் பூனை கிடையாது. எழுந்ததும் கண்ணாடியில் உங்கள் மீசையைப் பாருங்கள்.