நாட்டுச் சராசரியைத் தாண்டிய ஊர்

3 ஜூன் 2025

வேலையில் சேர்ந்து இரண்டாம் நாள். விக்கிரமங்கலத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஊர்கள். ஐந்து வருடத்தில் யார் யார் செத்தார்கள், எத்தனை வயதில் செத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். புள்ளியியல் படித்ததற்கு எழவு விசாரிக்கும் உத்தியோகம். பணம் போடுவது கிரஷர் முதலாளிகள் நடத்தும் ஒரு டிரஸ்ட். கல்லை அரைக்கிறவர்களுக்கு எங்கள் ஆயுள் மேல் திடீர் அக்கறை.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிடுகிறேன். செத்த வீட்டில் சொல்லக்கூடாத சொல். இன்று ஒரு அம்மா முறைத்த முறைப்பு!

9 ஜூன்

எல்லாரும் செத்தவரின் ஆதார் அட்டையை நீட்டுகிறார்கள். 71, 74, 76. மூன்று ஊர் முடிந்ததில் சராசரி 72. நாட்டுக்கு எழுபதுதான். மேனேஜர் ராஜராஜன் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாட்டையே தாண்டிட்டோம் கவியா!"

செத்தவர்களின் சராசரி வயது வேறு, ஆயுட்கால எதிர்பார்ப்பு வேறு என்றேன்.

"படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் என்னம்மா?"

10 ஜூன்

இப்படியே போனால் ஜப்பான்காரன் டிக்கெட் எடுத்து எங்களூருக்கு வந்து சாவான்.

14 ஜூன்

பக்கத்து வீட்டுப் பூமாலை அத்தை. மாமா இறந்தது 2022-இல். அட்டையில் வயது 71. அப்படியானால் பிறந்தது 1951. எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு: அரியலூரில் ரயில் கவிழ்ந்த வருசம், ஐம்பத்தாறு. அதற்கு முன்னா, பின்னா என்று கேட்டால் யார் வயதும் தெரிந்துவிடும்.

"அத்தை, ரயில் கவுந்தப்ப மாமா பொறந்திருந்தாரா?"

"அப்ப அவுங்கப்பாவுக்கே கல்யாணம் ஆவலடி!"

சிரித்து முடித்துவிட்டுத்தான் அத்தைக்கு உளறியது உறைத்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது: "பென்ஷனுக்கு ஏத்துனதுதான். ஒரு ஏஜெண்டு வந்து எல்லாத்துக்கும் பத்து பத்தா ஏத்தி உட்டான். ஒங்கப்பாவுக்கு மட்டும் பதிமூணு. மூஞ்சியப் பாத்துப் போட்டான் போல."

மாமாவுக்கு உண்மையில் அறுபத்தொன்று. அத்தை வீட்டிலேயே நோட்டில் இரண்டாவது கட்டம் ஒன்று போட்டேன். மேலே 'நிஜ வயது' என்று எழுதினேன்.

அப்பாவிடம் கேட்டேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருசம் ஆறு வயதாம். அது 1977. அப்படியானால் இன்று ஐம்பத்து நான்கு. அட்டையில் அறுபத்தேழு. இருபத்திரண்டு வருடம் கிரஷரில் கல் போட்டவர். நாற்பத்தேழு வயதில் கூடை தூக்க முடியாமல் போயிற்று. அந்த வருடமே 'முதியவர்' ஆகிவிட்டார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணே?"

"ஒடம்பு கெழடாயிப் போச்சு. காயிதம் மட்டும் கொமரனா இருந்து என்னா பண்ணப்போவுது?"

22 ஜூன்

பன்னிரண்டு ஊரும் முடிந்தது; ரயிலையும் வெள்ளத்தையும் வைத்து முதல் ஊர்களிலும் மறுபடி கேட்டுவிட்டேன். முதல் கட்டத்தின், அதாவது அட்டை வயதின், சராசரி 72. இரண்டாவதன் சராசரி 63.

இரண்டாவதைக் கொடுத்தால் தாலுகா ஆபீஸிலிருந்து ஜீப் வரும், உயிரோடு இருக்கிறவர்கள் வயதையும் தோண்டுவார்கள். பூமாலை அத்தையிலிருந்து எல்லாருடைய பென்ஷனும் போகும். கொடுக்காவிட்டால், எங்கள் ஊர்த் தூசியில் ஒருவருமே சாகவில்லை. எது யோக்கியம்? மூன்று வருடம் படித்தேனே, எந்தப் பேப்பரில் இருந்தது இது?

1 ஜூலை

அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயது என்ன என்று கேட்டதும் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு "அறுவத்தேழுங்க" என்றார். ஏழு வருடமாக எங்கே கேட்டாலும் அதேதான். மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயம்.

"இந்த வயசுல மூச்சு வாங்கத்தான் செய்யும் பெரியவரே." ஒரு டானிக். அவ்வளவுதான்.

அவருக்கு ஐம்பத்து நாலுதான் என்றேன். டாக்டர் அட்டையைத் தட்டினார். "அப்ப இது பொய்யா?"

அப்பா என் கையை அழுத்தினார். "புள்ள ஒளறுதுங்க சார்."

பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அறுபத்தேழு வயதுக்காரன் இருமினால் அது வயது. ஐம்பத்து நாலு வயதுக்காரன் இருமினால் அது வியாதி. ஏன் வந்தது, எங்கே வந்தது என்று எவனாவது கேட்டே ஆக வேண்டும். அட்டை சோறு போடுது, சரி. அதே அட்டைதானே வியாதியையும் மறைச்சு வச்சிருக்கு? எவன்கிட்ட போய் இதச் சொல்ல?

12 ஜூலை

முதல் கட்டத்தை மட்டும் டைப் அடித்துக் கொடுத்தேன். கோழை.

17 ஆகஸ்ட்

'நீண்ட ஆயுள் பெருவிழா'வாம். பந்தல், மைக், பதினொரு பேருக்குச் சால்வை. அப்பாவும் ஒருவர். பதினொரு பேரின் நிஜ வயதும் எனக்குத் தெரியும். மேடையில் உண்மையான கிழவர் மூன்று பேர். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு ஒன்றிரண்டு வகுப்பு முன்பின்.

ராஜராஜன் சார் மைக்கை அப்பாவிடம் நீட்டினார். "ஐயா, நீண்ட ஆயுளோட ரகசியம் என்ன?"

அப்பா வாயைத் திறந்தார். இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. பந்தல் முழுக்க ஒலிபெருக்கியில் அப்பாவின் நெஞ்சு.

"பாருங்க, இந்த வயசுலயும் தொண்டை என்னமா கணீர்னு இருக்கு!"

கைதட்டினார்கள். தட்டினாங்க, நெஜமாவே தட்டினாங்க.

18 ஆகஸ்ட்

காலையில் எழுந்து பார்த்தால் ஆட்டுக்குட்டி சால்வை போர்த்தி நிற்கிறது. அப்பா சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

"மூணாப்பு வரைக்கும் படிச்சேன்ல, ரெக்காடு இருக்குமா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "பென்ஷன் போயிடும்யா! என் நூறு நாள் வேலைய நம்பியா மூணு பேரும் திங்கறது?"

"போவட்டும் கொளஞ்சி. எம்மா நேரம் இருமுனேன். ஒருத்தன் தண்ணி குடுக்கல, கை தட்டுறானுவொ." பிறகு என்னைப் பார்த்து: "ஒன் நோட்ட எவங்கிட்டயும் காட்டாத. அவங்கவங்க வயசு அவங்கவங்களோட. எம் வயச மட்டும் நான் எறக்கிக்கறேன்."

3 செப்டம்பர்

தலைமையாசிரியை பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். எலி தின்றதுபோக அப்பாவின் வரி மிச்சம். சாமிதுரை, 12.6.1971. கொள்ளிடம் பொய் சொல்லவில்லை.

9 அக்டோபர்

டிரஸ்ட் அறிக்கை வந்துவிட்டது. வழவழப்பான தாள். நான்காம் பக்கத்தில் சால்வையோடு அப்பா. கீழே: 'தூய காற்று, நீண்ட வாழ்வு.'

வேலையை விட்டேன். சார் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

20 நவம்பர்

அட்டை மாறியது. பென்ஷன் நின்றது. பூமாலை அத்தை எங்கள் வாசல் வழியாக வருவதில்லை. "அடுத்தது என் வூட்டுக்கு வருவானுவொ" என்று ஊரெல்லாம் சொல்கிறதாம். பயம் நியாயமானதுதான். போய் நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. அம்மா கூடுதலாக முந்திரித் தோப்பு வேலைக்கும் போகிறாள். என்னோடு பேசுகிறாள், அப்பாவோடு இல்லை.

2 டிசம்பர்

பெரம்பலூர். நெஞ்சு டாக்டர். சீட்டில்: சாமிதுரை, 54.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி படம். நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

ஏழு வருடத்தில் ஒரு டாக்டரும் கேட்காத கேள்வி. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், சொல்லலாமா என்பதுபோல. பிறகு சொல்ல ஆரம்பித்தார். எந்த கிரஷர், எத்தனை வருடம், வாயில் துணிகூடக் கட்டாமல். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.