பின்விமானத்தில் மாலதியின் இருக்கை

11-8-2003, திங்கள்
காலையிலேயே வெயில். பௌர்ணமி கிரிவலக் கூட்டம், பால் வரவில்லை. கடுங்காப்பி.

நான் மயங்கி விழவில்லை. மகள் விமானத்தில் ஏறக்கூடாதென்று கோயிலில் வேண்டிக்கொள்ளவும் இல்லை. தெருவெல்லாம் அப்படிப் பேச்சாம். எதிர்வீட்டு மும்தாஜ்தான் சொன்னாள்: "ஜாஸ்தி பயந்துட்டீங்களாமே, அம்மா? உங்க கொழுந்தனார் சொன்னாரு."

நடந்தது இவ்வளவே. மாலதி பெங்களூரில் விமான ஆராய்ச்சி வேலையில். முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒன்று. செயற்கைக்கோள் சொல்லும் இடத்தை வைத்து, இடைவெளி மாறாமல் பின்னது தானே தொடர வேண்டும். கணக்கு முழுக்க அவளுடையது. வியாழனன்று சோதனை, பின்விமானத்தில் அவளுக்கு இருக்கை. கேட்டதும் கேசரி கிளறினேன். பயந்தவள் செய்கிற காரியமா?

12-8, செவ்வாய்
தூறல். தையல்காரர் இன்றும் ரவிக்கை தரவில்லை.

மாலதி போன். குரலே சரியில்லை. "என் சீட்டை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்கம்மா. உனக்கு நெஞ்சு வலி, என்னை ஏத்த வேண்டாம்னு சித்தப்பாவை நீதான் பேசச் சொன்னியாமே?"

நானா!

மாலையில் கொழுந்தனார் சுந்தரம். நிற்க வைத்தே கேட்டேன்.

"ஆமா அண்ணி, நான்தான் ஆபீசுக்குப் பேசினேன். சேட்டிலைட்டு பத்திருபது அடி தள்ளித்தான் காட்டுமாம். ஒண்ணோட ஒண்ணு மோதிக்கினா?"

"பக்கத்துல பக்கத்துல பறக்குற ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தள்ளிக் காட்டும். கழிச்சா இடைவெளி சரியா வரும். கழித்தல் தெரியுமா உங்களுக்கு?"

"அண்ணன் இருந்தா நான் செஞ்சதைத்தான் செஞ்சிருப்பாரு."

"அவர் இருந்தா என் பேர்ல பொய் சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வந்திருக்காது."

"கான்வென்ட்டு வாயி" என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டினார். காப்பி கொடுக்கவில்லை.

பயம் இருக்கிறது. ஏன் இல்லாமல்? ஆனால் அது என்னுடையது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஆபீசில் நீட்ட இவர் யார்?

13-8, புதன்
வெயில். நாளை சோதனை. தபால் போய்ச் சேராது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேக்ஸ் கடை. கடைக்காரர், "கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்க." இருக்கட்டும்.

மாலதியின் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் அனுப்பியது:

ஐயா, எனக்கு நெஞ்சு வலி இல்லை. என் சார்பில் பேசும்படி யாரிடமும் சொல்லவில்லை. கணக்குப் போட்டவள்தான் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். நாளை என் மகள் பறக்கிறாளா இல்லையா என்பதை இன்று மாலைக்குள் இதே ஃபேக்ஸ் எண்ணுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.